வளவன் இருந்த விரதம்

வளவனுக்குப் பாம்பென்றால் பயமில்லை. கரண்டுக்கும் பயமில்லை, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவன் கரண்டுக்குப் பயந்தால் பிழைக்க முடியாது. அவனுக்குப் பயம் வாந்திக்கு. சிரிக்க நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், அவனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இரும்புத் தகட்டை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன், பக்கத்தில் ஒரு குழந்தை லேசாக ஓக்காளித்தால் போதும், காது அடைத்துப்போய், உள்ளங்கை வியர்த்து, கதவு எந்தப் பக்கம் என்று தேடுவான்.

வாந்தி எடுத்தால் யாரும் செத்துவிடுவதில்லை என்று அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிறு கொஞ்சம் புரண்டால் மனசு முந்திக்கொண்டு ஓடும். மனசு ஓடுவதைப் பார்த்து வயிறு இன்னும் புரளும். அதனால் அவன் வாழ்க்கையே ஒரு காவல் வேலையாகிவிட்டது. பாலை மோந்து பார்த்துத்தான் குடிப்பான். கல்யாணப் பந்தியில் வாசலோர இலைதான் வேண்டும். ஹோட்டலில் கை நனைக்க மாட்டான். பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில் திறந்தால் அவன் பைக் ரோட்டில் இருக்கும். பஸ்ஸில் ஏறுவதே கிடையாது. அவன் கட்டிய கேபினில் உட்கார்ந்து டிரைவர்கள் அசாம் வரை போய் வருகிறார்கள், அவன் அதில் பட்டறை கேட்டைத் தாண்டியதில்லை.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. "தண்ணி தொட மாட்டானுங்க, வெளிய ஒரு போண்டா திங்க மாட்டானுங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன் கெடைக்கோணுமே" என்று பெண் கொடுக்க நினைத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் அம்மா முத்தாயம்மாளுக்கு அதில் பெருமை தாங்காது. பயந்தாங்கொள்ளிக்கு ஒழுக்கசீலன் என்று பேர் கிடைத்தால் அவன் அதை மறுத்துப் பேசுவானா? வளவன் மறுக்கவில்லை.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அக்கா தனப்பிரியா. பள்ளிக்கூடத்தில் மேட்டூர் அணைக்குக் கூட்டிப்போனபோது அவளும் அதே பஸ்ஸில் இருந்தாள். திரும்பும் வழியில் தம்பி சட்டையெல்லாம் நனைய வாந்தி எடுத்ததையும், வாத்தியார் பஸ்ஸை நிறுத்தி அவனையே மண் அள்ளிக் கொட்டச் சொன்னதையும், முழு பஸ்ஸும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்தவள். தன் தாவணியால் அவன் வாயைத் துடைத்தவள். பயத்துக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு அதே பஸ்ஸில் இன்னும் சில பையன்களும் வாந்தி எடுத்தார்கள், அவர்கள் இன்றைக்கு ஞாயிறு தவறாமல் பிரியாணி தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். இவனை மட்டும் அது ஏன் பிடித்துக்கொண்டது என்று யாருக்குத் தெரியும்.

அந்த அக்காவுக்குத்தான் அவன் பெரிய துரோகம் செய்தான். அவள் ராசிபுரத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, கனிஷ்காவை உண்டாகியிருந்தபோது, மசக்கை தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் முழுக்க வாந்தி. அம்மா தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் குளியலறையிலிருந்து, "வளவா, கொஞ்சம் தண்ணி கொண்டா சாமி" என்று கூப்பிட்டாள். அவன் வாசலில்தான் நின்றான். சத்தம் கேட்டது. பைக்கை ஸ்டார்ட் செய்து போய்விட்டான். அப்புறம் அவள் கிளம்பும் வரைக்கும் ஓவர்டைம் என்று சொல்லிப் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான். வளைகாப்புக்கும் போகவில்லை. அவள் அம்மாவிடம் கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு போனில் அவள் பேச்சு சுருங்கிவிட்டது.

அப்படிப்பட்டவள் மாசி மாதத்தில் ஒரு நாள் தானே கூப்பிட்டாள்.

"கனிஷ்காவுக்கு முடி எறக்கறோம். கொல்லிமலை மேல, அவங்க கருப்பணார் கோயில்ல."

அந்த மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற வண்டிகளில் பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் போவார்கள்.

"அவங்க ஊட்டு வழக்கம் உனக்குத் தெரியுமில்ல" என்றாள். "அடிவாரத்துலருந்து கோயில் வரைக்கும் புள்ள காலு தரைல படக்கூடாது. மாமன் மடிலதான் வரோணும்."

"நான் பைக்குல வந்தர்றனே அக்கா."

"பைக்குல புள்ளைய மடில வெச்சுட்டு ஓட்டுவியா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். அவளே மேலே பேசினாள்.

"நீ வரலீன்னா சித்தப்பா பையன் சிவபிரகாஷ் மடில உக்கார வெச்சுக்குவாங்க. அவனும் மாமன் மொறைதான், குத்தமில்ல. ஆனா அதுக்கப்பறம் நான் உன்னைய எதுக்கும் கூப்பிட மாட்டேன் வளவா. கோவத்துல சொல்லல. கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் பர்ஸில் வாந்தி மாத்திரை அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். காலாவதியானால் புதிதாக வாங்கி வைப்பான். ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. ஏன் என்று கேளுங்கள். அதன் பக்க விளைவுகளைப் போனில் தேடிப் படித்தான், கடைசியில் 'அரிதாக வாந்தி' என்று போட்டிருந்தது. அரிதாக நடப்பதெல்லாம் தனக்கென்றே நடக்கும் என்பது அவன் கட்சி.

இந்த முறை வேறு வழியில்லாமல் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை, அதுவே அவனுக்குப் பாதி வைத்தியமாக இருந்தது. மலைப் பயணத்துக்கென்று வேறு மாத்திரை எழுதினார். கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், போட்டால் தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது என்றார்.

"கொழந்தைய மடில வெச்சிருக்கோணுமுங்க" என்றான்.

"அப்ப யோசிச்சுப் போடுங்க. நீங்க தூங்கி வழிஞ்சா குழந்தையை யார் பிடிக்கிறது? இன்னொண்ணு சொல்றேன். மாத்திரை குமட்டலுக்குத்தான். உங்களுக்கு இருக்கிறது பயம். அதுக்கு சேலத்துல ஒருத்தர்கிட்ட அனுப்புறேன், பேசிப் பேசியே சரி பண்ணுவாங்க. கொஞ்ச நாள் ஆகும்."

தலையாட்டிவிட்டு வந்தான். கொஞ்ச நாளெல்லாம் கருப்பணார் கொடுக்கவில்லை, நாள் குறித்தாகிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டால் எது வெளியே வரும்? மலைக்குப் போகும் வாரத்தில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினான். பிறகு காலையிலும் நிறுத்தினான். கடைசி இரண்டு நாள் தண்ணீரும் சர்க்கரையும்தான். வெறும் வயிற்றில்தான் குமட்டல் அதிகம் வரும் என்று ஒரு வார்த்தை டாக்டரம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவனோ யாரையும் கேட்காமல் முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி, பட்டறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

முத்தாயம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். "கருப்பணாருக்கு எம்பையன் வெரதம் இருக்கறானுங்க. யாரும் சொல்லலீங்க, அவனா இருக்கறான்" என்று சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா வீட்டுக்காரர் மோகன்குமார் வீட்டில் அது காட்டுத் தீயாகப் பரவியது. அவருடைய பெரியப்பா அப்புசாமி, லேசில் யாரையும் மெச்சாத மனிதர், "மாமன்னா இப்படியல்லோ இருக்கோணும்" என்றாராம். வளவன் இதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பும் இல்லை.

குறித்த நாளில் காரவள்ளி அடிவாரத்து டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றான். முதல் நாளே சீர் தட்டுகளோடு ராசிபுரம் போயிருந்த அம்மாவும், அக்கா வீட்டாரும் வேனில் வந்து சேர்ந்தார்கள். வேனுக்குள் பாட்டு அலறியது. டிரைவர் பையனுக்கு மலையில் ஓட்டுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை முகத்திலேயே தெரிந்தது. எல்லாருக்கும் ஒரு பாலித்தீன் பையும் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார்கள். வளவன் அந்தப் பையை விரல் நுனியால் வாங்கி, பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டான்.

மாத்திரை சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தான். போட்டால் தூங்கிவிடுவோம், வளைவில் பிள்ளை சரிந்து விழும். போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நினைக்கவே அவனால் முடியவில்லை. அதற்குள் தனப்பிரியா வந்து கனிஷ்காவை அவன் கையில் கொடுத்தாள். அக்காவும் வெளுத்துத்தான் இருந்தாள். எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மோந்துகொண்டிருக்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்பது அவன் அனுபவம்.

"மாத்தர போட்டியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லக்கா. தூக்கம் வருமாம். புள்ளைய உட்டுருவேன்."

அவள் போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மாத்திரை மறுபடியும் சட்டைப்பைக்குள் போனது.

வண்டி ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள், பயந்தவன் மறந்துவிடக் கூடாதே என்று. வளவன் கண்ணை மூடினான். மூடினால் இன்னும் சுற்றியது, திறந்தான். மடியில் கனிஷ்கா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு அவன் சட்டைப் பித்தானைத் திருகினாள். காலி வயிற்றிலிருந்து புளிப்பாக ஒன்று மேலே ஏறி நெஞ்சில் நின்றது. இதோ வருகிறது, இப்போது வருகிறது, எல்லார் முன்னாலும் வருகிறது. அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தான். விரல் நுனி மரத்தது. வேனின் கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டது போல இருந்தது.

பின் சீட்டில் சிவபிரகாஷ் ஆரம்பித்தான். நல்ல கனத்த சத்தம். பையை நிரப்பி முடிச்சுப் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொரி பொட்டலத்த இப்படிக் குடுங்க" என்றான். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். வளவனுக்கு அவன் மேல் வந்த பொறாமைக்கு அளவே இல்லை. ஆனால் சத்தம் காதுக்குள் போய்விட்டது. உடம்பு உதற ஆரம்பித்தது. முதலில் கை, பிறகு தோள், பிறகு பல். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து பிள்ளையின் தலையில் சொட்டியது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. "ஹ்ம்... ஹ்ம்..." என்று மூச்சு மட்டும் வந்தது.

எதிர் சீட்டிலிருந்த அப்புசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று துண்டை இடுப்பில் கட்டினார்.

"வண்டிய நிறுத்து. பையனுக்கு சாமி வந்திருச்சு."

பாட்டு நின்றது. வண்டி ஒரு வளைவின் ஓரத்தில் நின்றது. அம்மா கை கூப்பி அழுதாள். யாரோ நெற்றியில் திருநீறு அப்பினார்கள். விரதம் இருந்த உடம்பில் சாமி இறங்காமல் வேறெங்கே இறங்கும் என்று பின்னால் பேச்சு ஓடியது. வளவனுக்கு எல்லாம் கேட்டது, வாய்தான் வரவில்லை. பயத்திலேயே பெரிய பயம், இந்தக் கண்ணெல்லாம் தன்னைப் பார்க்கும்போது அது வந்துவிடுமோ என்பதுதான்.

அப்புசாமி குனிந்து பணிவாகக் கேட்டார். "சாமி, வழில வந்து மறிச்சிருக்கீங்க. ஏதாச்சும் கொறையுங்களா? சாமி எறங்குன ஒடம்புல புள்ளைய உடலாமுங்களா, இல்ல வேற யாரு மடிலயாச்சும் வெக்கோணுமுங்களா? சொல்லுங்க, அப்படியே செய்யறோம்."

வளவனுக்குக் கதவு தானாகத் திறந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை போதும். சிவபிரகாஷ் மடியில் வை என்று அடித்தொண்டையில் சொன்னால், அவன் இங்கேயே இறங்கிக் கீழே நடந்துவிடலாம். சீரும் குறையாது, பேரும் கெடாது. சாமி சொன்னதை யார் தட்டுவார்கள், அக்காகூட ஒன்றும் சொல்ல முடியாது.

தனப்பிரியா எழுந்து வந்திருந்தாள். அவளுக்கு எது சாமி, எது தம்பி என்று தெரியும். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதும் தெரிந்துவிட்டது போலிருந்தது. பிள்ளையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். முகத்தில் கோபமே இல்லை. அன்றைக்குக் குளியலறையிலிருந்து தண்ணீர் கேட்டுவிட்டு, பைக் சத்தத்தையும் கேட்டிருப்பாளே, அப்போதும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று வளவனுக்குத் தோன்றியது. அவனுக்கு அழுகை வந்தது.

"சாமியெல்லாம் இல்லீங்க மாமா" என்றான். பல் தந்தியடித்தது. "நான் வளவன்தானுங்க. எனக்குப் பயமுங்க. வாந்தி வந்திருமோன்னு பயம். சின்னதுலருந்தே பயம். வெரதமும் இல்லீங்க, சாப்பிட்டா வந்திருமேன்னுதான் சாப்பிடல. அக்கா மாசமா இருந்தப்ப ஒரு சொம்பு தண்ணி குடுக்காம ஓடிப்போனதும் இதுக்குத்தானுங்க."

வளவன் சிரிப்புக்காகக் காத்திருந்தான்.

அப்புசாமி மெதுவாகத் திரும்பி எல்லாரையும் பார்த்தார். "கேட்டீங்களா? பையன் மனசுல கெடந்த கொறைய சாமி வெளிய எடுத்து வெச்சிருச்சு. அவனா இருந்தா இதச் சொல்லுவானா?" என்றார். பிறகு வளவன் பக்கம் குனிந்து, "இதுக்கு நாங்க என்ன பண்ணோணுமுங்க சாமி?" என்றார்.

நம்ப மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டவரிடம் என்ன வாதாட முடியும்? வளவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் யாரிடமும் கேட்கத் துணியாததைக் கேட்டான்.

"வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லுங்க. பாட்டு வேண்டாம். ஜன்னலத் தொறந்து உடுங்க. எல்லாரும் என்னையவே பாக்காதீங்க."

"புள்ள?"

"புள்ள இங்கயே இருக்கட்டும்."

டிரைவர் பையன் அதற்குப் பிறகு மாட்டு வண்டி போல ஓட்டினான். தனப்பிரியா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கனிஷ்காவின் பிஸ்கட் ஒன்றை உடைத்து உடைத்துக் கொடுத்தாள். "வெறும் வயித்துல இருந்தா இன்னும் பொரட்டும்டா லூசு" என்றாள். அவன் பயந்து பயந்து மென்றான். கோயில் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் இதோ வருகிறது என்றுதான் இருந்தது. வரவில்லை என்பதால் பயம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

கோயில் வாசலில் மரத்தடியில் மடியில் பிள்ளையோடு உட்கார வைத்தார்கள். முடி எடுக்கிறவர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். "தலைய நல்லா புடிச்சுக்கோங்க, அசைய உட்றாதீங்க" என்றார். முன்னந்தலையில் பாதி இறங்கியிருந்தது. அப்போது கனிஷ்காவின் வயிறு வளவனின் கைக்குள் ஒரு முறை சுருங்கியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரிலேயே அதை அவனைவிட முன்னால் அறிகிறவன் கிடையாது. ஓடு என்று உடம்பெல்லாம் கத்தியது. பிள்ளையின் தலைமேல் கத்தி இருந்தது.

அவன் அசையவில்லை. குடித்த பாலும் பிஸ்கட்டும் அவன் புது வேட்டியில், தொடையில், கையில், வெதுவெதுவென்று கொட்டின. வாசனை மூக்கில் ஏறியது. முடி எடுக்கிறவர் கத்தியைத் தூக்கிக்கொண்டார். வளவன் உதறிக்கொண்டே, தலையைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

கனிஷ்கா அழவில்லை. என்ன நடந்ததென்று தெரியாமல், வாயோரத்தில் பால் ஒழுக, தலையைத் தூக்கி மாமன் முகத்தைப் பார்த்தாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் முடிவு செய்யப்போகிறாள். மேட்டூர் பஸ்ஸில் அவன் பார்த்த முகங்களெல்லாம் ஞாபகம் வந்தன. வளவன் தன் முகத்தை எப்படியோ பிடித்து ஒழுங்காக வைத்தான்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றான். "வந்துச்சு, போயிருச்சு. அவ்வளவுதான்."

வேட்டி நுனியின் உலர்ந்த பக்கத்தால் அவள் வாயைத் துடைத்தான். பிள்ளை திருப்தியாகித் திரும்பவும் அவன் பித்தானைத் திருகத் தொடங்கியது. மீதி முடியும் இறங்கியது.

குழாயடியில் குளித்தான். யாரும் வற்புறுத்தாமலே கொஞ்சம் தயிர்சோறு சாப்பிட்டான். இறங்கும்போது பிள்ளை அப்பா மடியில் தூங்கிப்போனாள். வளவனுக்கு ஜன்னலோரம் இடம் விட்டிருந்தார்கள், சாமி கேட்ட இடமாயிற்றே. வண்டி கிளம்புவதற்கு முன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"போடட்டுமா?"

"இப்ப தூங்குனா என்ன? போடு."

விழுங்கினான். வாழ்க்கையில் முதல் தடவை. அது திரும்பி வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. தனப்பிரியா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு மலைச்சரிவைப் பார்த்தபடி இருந்தாள்.

"உனக்குமா வண்டி ஒத்துக்கல?" என்று கேட்டான்.

"வண்டி இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "நாள் தள்ளிப் போயிருக்குது. காலைல எந்திரிச்சா ஒரே வாந்தி. இன்னும் யாருக்கும் சொல்லல. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

வளவனுக்கு மறுபடியும் காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்தது. எல்லாம் அப்படியே இருந்தது, ஒன்றும் எங்கும் போய்விடவில்லை. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சேலத்துல ஒருத்தர்கிட்ட அனுப்பறேன்னாங்க டாக்டர். திங்கக்கெழம போறேன்" என்றான். பிறகு, "ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாரேன்" என்றான்.

"வந்தா வாசல்லயே நிக்காத."

"உள்ள வாரேன் அக்கா. தண்ணி கேட்டா கொண்டாரேன்."

அவள் எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒரு முறை மோந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வண்டி முதல் வளைவில் மெதுவாகத் திரும்பியது.